மறைவில் ஒரு ரேந்தை

நாகர்கோவிலில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் துணி உலர்த்துவதற்கு இரண்டு கொடிகள் இருந்தன. வேட்டி, புடவை, தலையணை உறை, பள்ளிக்கூடத்துச் சட்டை என்று, தெருவில் போகிறவர் பார்த்தாலும் பாதகமில்லை எனக் கருதப்பட்டவையெல்லாம் முற்றத்துக் கொடியில் வெயிலையும் காற்றையும் தாராளமாக அனுபவித்து ஆடிக்கொண்டிருக்கும். பாடி, உள்பாவாடை என்று பெயர் சொல்வதற்கே குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருந்த மற்றவையோ, கிணற்றடிக்கும் தொழுவத்துக்கும் நடுவே மதிலை ஒட்டிக் கட்டிய கொடியில், மேலே ஒரு பழம்புடவையைப் போர்த்திக்கொண்டு, அதன் நிழலிலேயே ஈரம் உலர வேண்டும். 1945-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், எங்கள் ஊர் ஓடுகளையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் போகும் அந்தக் காற்று, அந்தப் பழம்புடவையை ஒரு நாள் தூக்கி வாழையின்மேல் எறிந்துவிட, என் சித்தியின் பாடிகள் ஆறும் வரிசையாக வெளிப்பட்டு நின்ற காட்சியை நான் பன்னிரண்டாம் வயதில் கண்டேன். அம்மை பதறிக்கொண்டு ஓடினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஒவ்வொன்றின் மேல்விளிம்பிலும் விரலகலத்துக்கு வெள்ளை ரேந்தை, அதாவது லேஸ், ஓடியிருந்தது. அதற்குக் கீழே, இரு பக்கத்துத் துணியும் சந்திக்கும் நடுவிடத்தில், வெள்ளை நூலாலேயே தைத்த மூன்றிதழ்ப் பூ. வெள்ளையின்மேல் வெள்ளையாதலால் வெயில் சாய்ந்து விழுந்தாலன்றிக் கண்ணுக்குத் தட்டுப்படாத பூ. ஒன்றில் மட்டும், ரேந்தையின் துளைகளுக்குள் நுழைந்தும் வெளிவந்தும், வெளிறிய ரோஸ் நிற ரிப்பன் ஒன்று சுற்றி வந்து முன்பக்கம் சிறு முடிச்சாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அம்மை உடுத்திய ரவிக்கையில்கூட அத்தனை வேலைப்பாடு கிடையாது என்பதும், ஊரார் காணும் ஆடை சாதாரணமாகவும் ஒருவரும் காணாத ஆடை அலங்காரமாகவும் இருப்பதற்கு என்ன காரணம் இருக்கக்கூடும் என்பதும் அன்று முழுவதும் என் மனத்தைப் பற்றிக்கொண்டு விடவில்லை.

சித்திக்கு அப்போது இருபத்தாறு வயது. சித்தப்பா பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சேர்ந்து பர்மா முனைக்குப் போய் மூன்று வருஷங்கள் ஆகியிருந்தன. கணவன் ஊரில் இல்லாதவள் விளக்கு வைத்த பிறகும் கைமிஷினின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே அபிப்பிராயங்கள் இருந்தன. காற்று அவற்றுக்குச் சாட்சியம் கொடுத்துவிட்டது. அடுத்த வீட்டு மைனி மறுநாள் தயிர்க்கு உறை வாங்குகிற சாக்கில் வந்து, திண்ணையில் வெகு நேரம் இருந்து, கடைசியில், “யாரு பாக்கப் போறான்னு இம்புட்டு ரேந்தை?” என்று கேட்டாள். சித்தி சக்கரத்தை நிறுத்தாமலே, “நான் பாக்கேன்லா, மைனி” என்றாள். மைனி உறையை வாங்கிக்கொள்ள மறந்து போய்விட்டாள்.

இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு ரவிக்கை தைப்பதென்றாலே, பழைய ரவிக்கையொன்றை அளவுக்கென்று காகிதத்தில் சுற்றி, வீட்டு ஆண்பிள்ளை யாரேனும் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம். தையற்காரர் ஆணாகவே இருப்பாராதலால் பாடியின் விஷயத்தில் அந்த வழியும் அடைபட்டுக் கிடந்தது. ஆகையால், துணி வெட்டத் தெரிந்தவள் தானே வெட்டித் தைத்துக்கொண்டாள். தெரியாதவள் தெரிந்தவளிடம் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அளவு கொடுத்தாள். சங்கோசத்தில் பிறந்த வித்தை இது. ஆனால் சங்கோசம் தையலைத்தான் கட்டாயப்படுத்தும், ரேந்தையைக் கட்டாயப்படுத்தாதல்லவா? அந்த ரேந்தை எங்கிருந்து வந்தது என்பது வேறு கதை.

யுத்த காலத்தில் துணி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தது. வரிசையில் நின்று வாங்கிய முரட்டுத் துணி உடம்பில் பட்டால் வேர்க்குருவைக் கீறிவிடும் என்று சித்தி அதைத் தொடமாட்டாள். சித்தப்பா விட்டுப்போன பழைய மல் வேட்டிகள் பெட்டியில் இருந்தன. பல நூறு சலவை கண்டு, பூனைக்குட்டியின் காதுபோல் மெலிந்துபோன அந்த வேட்டிகளின் கிழியாத பாகங்களைப் பார்த்துப் பார்த்து வெட்டி, இரட்டையாக மடித்துப் போட்டுத்தான் பாடிகள் ஆறும் தைத்திருந்தாள். இதை அடுத்த வீட்டு மைனி அறிந்திருக்க நியாயமில்லை.

ரேந்தைக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இருந்ததில்லை. பாட்டி ரேந்தை பின்னுகிறவள். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட் 1819-ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்து, பெண்பிள்ளைகளைக் கூட்டி எழுத்தோடு ரேந்தைப் பின்னலையும் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து, அந்த வேலை எங்கள் பக்கத்துப் பெண்களின் விரல்களில் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது. வைக்கோல் திணித்துக் கல்போல் இறுக்கிய உருண்டைத் தலையணையொன்றை மடியருகே வைத்து, புள்ளி புள்ளியாகத் துளையிட்ட அட்டையை அதன்மேல் சுற்றி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் இருபது முப்பதைத் தொங்கவிட்டு, இரண்டிரண்டு ஜோடியாக எடுத்து மாற்றுவதும் முறுக்குவதும், முறுக்கிய இடத்தில் குண்டூசி குத்துவதுமாகப் பாட்டியின் கைகள் போய்க்கொண்டேயிருக்கும். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை, தூரத்தில் மழை தொடங்குகிற ஓசையைப்போல், எங்கள் திண்ணையில் பகல் முழுவதும் கேட்கும். ஒரு நாள் வேலைக்கு ஒரு சாண் ரேந்தை வளர்ந்தால் அது நல்ல நாள். வளர்ந்ததெல்லாம் கப்பலேறிப் போகும். ஒரு கண்ணி தப்பினாலும், வேர்வைக் கறை பட்டாலும், வேலை கொடுத்த இடத்தில் கூலியைப் பிடித்துக்கொண்டு அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பாட்டியின் அறுபது வருஷத்துத் தப்புகள் ஒரு தகரப் பெட்டியில் நிறைந்து கிடந்தன. அவற்றில் இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை என்று தப்பில்லாத பாகங்களை வெட்டி ஒட்டித்தான் சித்தி விளிம்பு கட்டினாள். ஒட்டுப் போட்ட இடம் எது என்று அவள் காட்டினாலன்றி எனக்குத் தெரிந்ததில்லை.

பாட்டி தன் வாழ்நாளில் ஒரு முழம் ரேந்தையைக்கூடத் தன் உடம்பில் வைத்துக்கொண்டவள் அல்லள். வெள்ளைக் குப்பாயம், அதன்மேல் வெள்ளைச் சேலை, அவ்வளவே. அந்தக் குப்பாயத்தைப் பற்றி மட்டும், விளையாட்டாகக்கூட யாரும் குறை சொல்ல அவள் பொறுத்ததில்லை. அவளுடைய ஆச்சி சிறு பெண்ணாயிருந்த நாளில், தெற்குத் திருவிதாங்கூரில் எங்கள் ஜாதிப் பெண்கள் மார்பை மறைப்பதே மேல்ஜாதியாருக்கு அவமரியாதை என்று எண்ணப்பட்டது. பாதிரிமாரின் மனைவியர் தைத்துக் கொடுத்த தொளதொளத்த குப்பாயத்தை அணிந்து சந்தைக்குப் போன பெண்களின் மேலிருந்து அதைக் கிழித்தெறிந்தார்கள். கலகம் முற்றி, கோயில்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்து, கடைசியில் 1859-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா விளம்பரம் ஒன்று பிறப்பித்தார். குப்பாயம் அணியலாம், அல்லது முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் உயர்ந்த ஜாதிப் பெண்களின் மாதிரி உடுத்தக்கூடாது என்பது அந்த அனுமதியின் வாசகம். முரட்டுத் துணி என்ற சொல்லை ராஜ்ய விளம்பரத்தில் சேர்ப்பதற்கு எத்தனை பேர் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள் என்று நான் சில சமயம் எண்ணிப் பார்ப்பதுண்டு. அந்தச் சரித்திரம் முழுவதும் பாட்டியின் வாயில் ஒரே வாக்கியமாகத்தான் வரும்: “என் ஆச்சி துணி போட்டதுக்கு அடி வாங்கினா மக்கா.” சித்தியின் பாடியில் தன்னுடைய தப்பு ரேந்தையைக் கண்டபோது பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, விளிம்பைத் திருப்பி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய், தையல் இறுக்கமாக இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தாள்.

அந்த ஆடி முடிவதற்குள் நானும் சித்தியிடம் சிஷ்யையாகச் சேர்ந்துவிட்டேன். முதல் பாடம் பொறுமை என்று சொன்னால் அழகாயிருக்கும். உண்மையில் முதல் பாடம் தண்ணீர். “துணியெ ராத்திரி முழுக்க நனைக்காம கத்திரியெத் தொடப்பிடாது” என்பது அவளுடைய முதற்கட்டளை. புதுத் துணி முதற்சலவையிலேயே சுருங்குமாகையால், சுருங்க வேண்டியதை வெட்டுவதற்கு முன்பே சுருங்க வைத்துவிட வேண்டும். ரவிக்கையிலானால் அரை அங்குலத்தைப் பின்னால் விட்டுக்கொள்ளலாம். பாடியில் அரை அங்குலம் மூச்சு முட்டும். அடுத்து, தையலின் உட்புறம். மேலாடையில் முகப்புத்தான் முகப்பு. உள்ளாடையிலோ உடம்பைத் தொடுகிற பக்கம்தான் முகப்பு என்று அவள் சொல்லுவாள். அதற்காக முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்து ஓர் ஓட்டுத் தையல் போட்டு, பிசிரை ஒட்ட நறுக்கி, துணியைத் திருப்பி, அந்தத் தையலையே உள்ளே அடக்கி மறுபடியும் தைக்க வேண்டும். முடிந்த பிறகு உள்ளும் புறமும் ஒரு நூல் பிசிறும் இராது. பிரெஞ்சுத் தையல் என்று அதற்குப் பெயர். பொத்தானுக்கும் நியாயம் உண்டு. கல்லில் அடித்துத் துவைக்கிற ஊரில் சிப்பிப் பொத்தான் ஒரு மாதம் தாங்காது, இரும்புக் கொக்கி துருவேறித் துணியைத் தின்னும். ஆகவே நூலையே வளையமாகச் சுற்றி, அதன்மேல் காஜாத் தையல் போட்டு, நூற்பொத்தானாக அவள் செய்துகொள்வாள். ஒரு பொத்தானுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். அவற்றில் ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. துணி போய்விட்டது, பொத்தான் இருக்கிறது.

அளவெடுப்பதுதான் எனக்கு மிகவும் விசித்திரமாகப் பட்டது. மார்பின் உயர்ந்த இடத்துச் சுற்றளவு ஒன்று, அதன் கீழே விலாவை ஒட்டிய சுற்றளவு ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் டாட் என்கிற கூர்மடிப்புகளாகப் பங்கிட்டு, தட்டைத் துணிக்குக் குழிவு கொடுக்க வேண்டும். இதைப் பழுப்புக் காகிதத்தில் வரைந்து வெட்டிக்கொண்டு, பிறகே துணிக்குப் போவாள். அவளுடைய காகிதத்தில் இடப்பக்கத் துண்டின்மேல், ‘கால் அங்குலம் கூட்டு’ என்று பென்சிலால் எழுதியிருந்ததைக் கண்டு, தப்பாக எழுதிவிட்டாளோ என்று கேட்டேன். “எந்த உடம்பும் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்காது மக்கா, துணிதான் உடம்புக்குத் தக்க இருக்கணும்” என்றாள். மேல்விளிம்பில் ரேந்தைக்கென்று இன்னொரு கால் அங்குலம் விட்டு, அங்கே புள்ளிக் கோடு ஒன்று போட்டிருப்பாள். புள்ளிக் கோடில்லாத காகிதத்தை அவளிடம் நான் பார்த்ததேயில்லை.

சித்தப்பா 1946-இன் தொடக்கத்தில் திரும்பி வந்தார். மலேரியாவில் பாதி உடம்பைப் பர்மாவில் விட்டுவிட்டு வந்த அந்த மனிதர், படுக்கைச் சுருளுக்குள் மடித்துக் கொண்டுவந்திருந்த பொருள் ஒரு பாரச்சூட்டின் துண்டு. எங்கள் கூடம் நிறைய அதை விரித்தபோது வீட்டில் ஒருவரும் பேசவில்லை. பாலாடை நிறம், கையில் எடுத்தால் எடை தெரியாது, விட்டால் தண்ணீர்போல் வழிந்து தரையில் இறங்கும். நைலான் என்ற சொல்லை அன்றுதான் கேட்டோம். ஒரு முனை அகன்றும் ஒரு முனை குறுகியும் வெட்டி இணைத்த நீண்ட துண்டுகளாலானது அது. ஒவ்வோர் இணைப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் நான்கு வரித் தையல். அந்தத் தையலைப் பிரிக்க எனக்கும் சித்திக்கும் பதினோரு ராத்திரிகள் பிடித்தன. பிரித்த துண்டுகளைப் பார்த்துச் சித்தி சிரித்துவிட்டாள்: இடுப்பில் குறுகிக் காலடியில் அகலும் ஆறு துண்டுப் பாவாடையை ஆகாயத்திலிருந்து குதிக்கிறவர்கள் ஏற்கெனவே வெட்டி வைத்துவிட்டார்கள்.

ஆனால் அந்தத் துணி லேசில் அடங்கவில்லை. மிஷினின் பற்களில் வழுக்கி ஓடியது; செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து அடியில் வைத்துத் துணியோடு சேர்த்துத் தைத்து, பிறகு காகிதத்தைக் கிழித்தெடுத்துத்தான் கோணாமல் தைக்க முடிந்தது. இப்படிப் பிரயாசைப்பட்டு முடித்த உள்பாவாடையின் கீழ்மடிப்பைப் படிய வைப்பதற்கென்று, ஒருவரையும் கேளாமல், கரி இஸ்திரிப் பெட்டியை எடுத்து அதன்மேல் வைத்தவள் நான். புகையில்லை, தீயில்லை. பருத்தியாயிருந்தால் கருகுகிற வாசனையாவது எச்சரித்திருக்கும்; இது அப்படியே சுருண்டு விலகி, உள்ளங்கையளவு துவாரமொன்று, ஓரத்தில் பழுப்பாய்ச் சர்க்கரைப் பாகு உறைந்ததுபோன்ற கெட்டி விளிம்போடு, என் கண்ணெதிரே திறந்தது. சித்தி வந்து பார்த்தாள். அவள் என்னை அடித்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். கத்திரியால் கெட்டி விளிம்பை வட்டமாக நறுக்கிவிட்டு, பாட்டியின் தகரப் பெட்டியைக் கவிழ்த்து, அதிலிருந்து பெரிய ரோஜாப் பின்னல் ஒன்றைத் தேடியெடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள், போதவில்லை, பக்கத்தில் இலையொன்றை ஒட்டவைத்தாள். பிறகு, ஒரு மூலையில் மட்டும் பூ இருந்தால் ஓட்டை அடைத்தது தெரிந்துவிடும் என்று, ஓட்டையில்லாத மற்ற ஐந்து துண்டுகளிலும் துணியை வட்டமாக வெட்டி, அதே மாதிரி பூ வைக்கச் சொன்னாள். அந்த ஐந்தையும் நான்தான் வெட்டினேன். நல்ல துணியில் வேண்டுமென்றே கத்திரி வைத்தபோது கை நடுங்கியதை இப்போதும் விரல்கள் நினைவில் வைத்திருக்கின்றன.

கல்யாணமாகி நான் சென்னைக்கு, வேப்பேரிக்கு வந்ததும், கல்கத்தாவில் செய்த உஷா மிஷின் ஒன்றைத் தவணையில் வாங்கியதும் விரிவாகச் சொல்லத் தக்கவையல்ல. அப்போதெல்லாம் கடைகளில், வட்ட வட்டமாகத் தையல் ஓடிய கூம்பு பாடிகள் பெட்டிகளில் வரத் தொடங்கியிருந்தன. படம் பார்க்கிறவர்களுக்கு அந்த உருவம் பரிச்சயமானதே. ஒன்று வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். தையல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை அணிகிறவளின் இரண்டு பக்கமும் ஒன்றேயென்று அது உறுதியாக நம்பிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் ஒரு புஸ்தகத்தில், மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்ற அமெரிக்கப் பெண், விருந்துக்குப் புறப்படும் நேரத்தில் கெட்டியான கச்சு தன் மெல்லிய உடைக்குள்ளிருந்து துருத்துவதைச் சகியாமல், இரண்டு பட்டுக் கைக்குட்டைகளையும் ரோஸ் ரிப்பனையும் கொண்டுவரச் சொல்லிப் பணிப்பெண்ணின் உதவியோடு தைத்துக்கொண்டதும், அதற்கு 1914-இல் காப்புரிமை பெற்றுப் பின்பு 1,500 டாலருக்கு ஒரு கம்பெனிக்கு விற்றதும் படித்தேன். கைக்குட்டையும் ரிப்பனும் வீட்டு அறையும். எனக்கு நன்கு தெரிந்த சங்கதியாகவே இருந்தது. அந்தப் பணிப்பெண்ணுக்கு எவ்வளவு கிடைத்தது என்று நான் படித்த பக்கத்தில் எழுதியிருக்கவில்லை. பாட்டியைப் போன்றவள் போலும்.

என் மாமியாருக்கு இந்த வேலையெல்லாம் பிடித்ததில்லை. மொட்டைமாடிக் கொடியில் என் துணிகளைக் கண்டால், “புடவைக்குள்ள போறதுக்கு எதுக்கும்மா பூவும் பொட்டும்?” என்பார்கள், நான் பதில் பேசுவதில்லை. சித்தியின் பதிலைச் சொல்வதற்குச் சித்தியின் துணிச்சல் வேண்டுமே. வயிற்றில் கல்லென்று அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்க நாள் குறித்த சமயம், ஒரு மத்தியானம் என் மிஷினருகே வந்து நின்றவர்கள், கிழிசலில்லாமல் இரண்டு பாடி தைத்துத் தரும்படியும், டாக்டர் பார்ப்பாராகையால் ரேந்தை கீந்தை ஒன்றும் கூடாதென்றும் சொன்னார்கள். அளவு எடுத்துக்கொண்டேன். முதல் தடவையாகக் கையுயர்த்தி நின்ற அத்தையின் கண்கள் சுவர்க் காலண்டரிலேயே நிலைத்திருந்தன. வாசற்படி தாண்டியவர்கள் திரும்பி வந்து, “உள்பட்டியில மட்டும், மடிச்சித் தைக்கிற இடத்துல, அந்த ரோஸ் நூல் ஒரு வரி ஓட்டிவிடேன்” என்றார்கள். மடித்துத் தைத்த பிறகு அந்த நூலை அத்தையும் பார்க்க முடியாது. ஓட்டினேன்.

சித்தி போன வருஷம் காலமானாள். அவள் மகள் எனக்கென்று அனுப்பிய பழைய பிஸ்கட் டப்பாவில் அந்தப் பழுப்புக் காகிதங்கள் இருந்தன, மடிப்புகளில் இற்றுப்போய், குண்டூசித் துளைகள் வெளிச்சத்தில் நட்சத்திரம்போல் தெரிய. அவள் புதுக் காகிதம் வெட்டியது சொற்பம். பழையதன்மேலேயே புதுப் புதுக் கோடுகள் போட்டு, ஓரத்தில் வருஷத்தைக் குறித்திருந்தாள். முதல் பிரசவத்துக்குப் பிறகு கோடு வெளியே நகர்ந்திருந்தது. இரண்டாவதற்குப் பிறகு இன்னும் சற்று. 1960-க்கு மேல் விலாப் பக்கம் தாராளமாகி, டாட்டுகள் கீழே இறங்கி, பிறகு எல்லாம் மெல்ல மெல்ல உள்ளே திரும்பத் தொடங்கியிருந்தன. இடப்பக்கத்துக் கால் அங்குலம் எல்லா வருஷத்திலும் இருந்தது. கடைசிக் கோட்டின் அருகே கை நடுக்கத்தோடு எழுதியிருந்த வருஷம் 1981. அவளுக்கு அப்போது அறுபத்திரண்டு. சித்தப்பா இறந்து நான்கு வருஷங்கள். மேல்விளிம்பில், ரேந்தைக்கு விடுகிற கால் அங்குலத்தை விட்டு, புள்ளிக் கோடு போட்டிருந்தாள்.